வேப்பிலைக்கு வெளியே நின்றவர்

என் மகளுக்கு,

இங்கே நானும் அபியும் சுகம். அதை நீ தினமும் போனில் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாய். ஆனபடியால் சுகம் விசாரிக்கிற வரிகளை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ அழுது அழுது ஒன்று சொன்னாய். "அம்மா, நீங்க இல்லாட்டி என்ட புள்ள இண்டைக்கு இல்ல. வரக்குள்ள உங்களுக்கு ஒரு சங்கிலி கொண்டு வாறன்" என்றாய். நான் போனை அபியின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அது சந்தோஷமில்லை மகள், வெட்கம். உன் பிள்ளையைக் காப்பாற்றியது நான் இல்லை. அவள் மூச்சுக்குத் திணறும்வரை வீட்டுக்குள் பொத்தி வைத்திருந்தவள்தான் நான். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஒழுங்கையில் இருந்து ஒரு பிள்ளை அடுத்த கிழமை குவைத்துக்கு வருகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் நீ வந்து இறங்குவாய். அதற்கு முன் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ அவரை விரும்புகிறாய் என்று வந்து நின்ற நாளில் நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என் வாயைக் கொஞ்சம் அடக்கியிருப்பார். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து தோணி வலித்துக்கொண்டு வருகிறவன், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், ஒரு டீச்சரின் மகளுக்கு இவன்தானா கிடைத்தான் என்றேன். "மீன் கொண்டு வந்து தருவான், வேறென்ன தருவான்" என்றும் கேட்டேன். நீ என்னைப்போலவே பிடிவாதக்காரி, கட்டிக்கொண்டாய். நம் வழக்கப்படி வீடு மகளுக்குத்தான், கட்டுகிறவர்தான் வந்து குடியிருக்க வேண்டும். அவரும் ஒரு பையோடும் ஒரு வீச்சு வலையோடும் வந்தார். வீட்டை மறுக்க எனக்கு வழியில்லை, பேச்சை மறுக்க வழியிருந்தது. ஐந்து வருஷம் நான் அவரோடு ஒரு வார்த்தை நேரே பேசியதில்லை. கேற்றைத் திறந்து போட்டுப் போனால், "ஆரோ கேற்றப் பூட்டாமப் போறாங்க" என்று கோழிகளிடம் சொல்வேன். நீ போன பிறகு அபிதான் எங்களுக்குத் தபால்காரி. "அபி, அப்பாட்டச் சொல்லுங்க, தேங்காய் முடிஞ்சிட்டு" என்பேன். அவர் மூன்று முழத் தூரத்தில் நின்றுகொண்டே, "அபி, அம்மம்மாட்டச் சொல்லுங்க, பின்னேரம் கொண்டு வாறன் எண்டு" என்பார். பிள்ளை இதை விளையாட்டு என்று நினைத்து இரண்டு பக்கமும் ஓடும்.

முதல் பிழையில் இருந்து சொல்கிறேன். நீ குவைத்துக்குப் போன புதிதில், அபிக்கு ஒன்பதாம் மாதம் போட வேண்டிய சின்னமுத்து ஊசி, அதுதான் மீசில்ஸ் ஊசி, போடப்படவில்லை. அது பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி நின்ற காலம், ஒரு ஆட்டோவும் ஓடவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவளுக்குத் தடிமன். மிட்வைஃப் மிஸ் இரண்டு தரம் வாசலுக்கு வந்து கேட்டார். "சளி மாறட்டும் மிஸ், நானே கொண்டு வாறன்" என்று நான்தான் சொன்னேன். உன்னிடம் போட்டாகிவிட்டது என்றும் சொன்னேன். பிறகு போடலாம்தானே, இதற்காக உன்னை ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று எண்ணினேன். சளி மாறியது, நான் மறந்தேன். கிளினிக்கில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கொடுக்கிற விற்றமின் சொட்டும் அதோடு தவறிப்போனது. நீ குவைத்துக்குப் போன பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளோடு மல்லுக்கட்ட ஏலாமல் பால் தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்தே நாளைக் கடத்தினேன். வயிறு நிரம்பினால் சரி என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் ஊரில் சின்னமுத்து வந்தது. அபிக்குக் காய்ச்சல், இருமல், கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வடிந்தது. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், நெஞ்சு, வயிறு என்று சிவப்பாய்ப் போட்டது. நான் பயப்படவில்லை. உனக்கு எட்டு வயதில் இப்படித்தான் உடம்பெல்லாம் போட்டது, வேப்பிலை கட்டி, கஞ்சியும் இளநீரும் தந்து பத்து நாளில் உன்னை எழுப்பிவிட்டேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. உனக்கு வந்தது நீர்க் கொப்புளமாய்ப் போடுகிற கொப்புளிப்பான், இவளுக்கு வந்தது சின்னமுத்து, இரண்டும் வேறு நோய், வேறு வருத்தம் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு எல்லாம் அம்மாள்தான். வாசலில் வேப்பிலை செருகினேன். அடுப்பில் தாளிதம் இல்லை, எண்ணெய் இல்லை. மீன், முட்டை வாசலுக்குள் வரக்கூடாது. முற்றத்துப் பப்பாசியில் இரண்டு பழம் மஞ்சளாகி நின்றது, அது சூடு என்று பறிக்கவில்லை, வௌவால் தின்றது. கோழிகள் இட்ட முட்டையைக் கடைக்கு அனுப்பினேன். பிள்ளைக்குத் தெளிந்த கஞ்சியும் இளநீரும் மட்டும்தான்.

அதோடு விட்டேனா? மீன் வெடுக்கு நாற்றம் வீட்டுக்கு ஆகாது என்று மருமகனையும் வெளியே அனுப்பினேன். மருமகன் என்ற சொல்லை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, கவனித்தாயா? "அபி, அப்பாட்டச் சொல்லுங்க, அம்மாள் இறங்கிப் போகுமட்டும் வலையையும் எடுத்துக்கொண்டு வாடியில இருக்கட்டாம்" என்றேன். பிள்ளைக்கு அதைச் சொல்ல வாயில் சத்தம் இல்லை. அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். வாவிக்கரையில் இருக்கிற அந்த ஓலை வாடியில் படுத்துக்கொண்டு, காலையும் மாலையும் வந்து வேப்பிலைக்கு வெளியே நிற்பார். குளித்து, வேறு சாரம் கட்டிக்கொண்டுதான் வருவார். "அபி" என்று கூப்பிடுவார். உள்ளே இருந்து இருமல்தான் கேட்கும். ஒரு நாள் கொடுவா மீன் ஒன்று கொண்டு வந்தார், வாழையிலையில் சுற்றி மதில்மேல் வைத்தார். அதை நான் விளக்குமாற்றால் தள்ளி ஒழுங்கைப் பூனைக்கு விட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சிவப்புப் போட்ட ஐந்தாம் நாள் அதிகாலை, வலை இழுத்த கையோடு ஈரச் சாரத்தோடு வந்தவர், வழமைபோல வாசலில் நிற்காமல் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அபி என் மடியில் கிடந்தாள். முதல் நாள் பின்னேரம் இருந்தே மூச்சு வேகமாகத்தான் இருந்தது, காய்ச்சலுக்கு அப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் குனிந்து அவளுடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "விலா உள்ளுக்கு இழுக்குது மாமி. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகோணும்" என்றார். என்னோடு அவர் நேரே பேசிய முதல் பேச்சு அதுதான். நான் அபியைப் பாயில் கிடத்திவிட்டு எழும்பி வாசலை மறித்தேன். "மீன் தொட்ட கையால தொடாதீங்க. அம்மாள் கோவிப்பா" என்றேன். நானும் நேரே பேசிவிட்டேன், அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "அம்மாள் என்னோட கோவிக்கட்டும் மாமி. புள்ளையோட கோவிக்க ஒண்ணா" என்று சொல்லி அபியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒழுங்கை முடிவில் ஆட்டோ பிடிக்கும்போதுதான் நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஆசுபத்திரியில் டொக்டர் பிள்ளை உன் வயதுதான் இருப்பாள். அபிக்கு மூக்கில் குழாய் வைத்து ஒட்சிசன் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "எப்ப இருந்து மூச்சு இப்பிடி?" என்று கேட்டாள். "நேத்துப் பின்னேரம் இருந்து" என்றேன். "நேத்தே ஏன் கொண்டு வரல்ல? நுரையீரல்ல சளி கட்டிட்டு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்று ஏசத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்குமுன் உன் கணவர் முன்னால் வந்து நின்றார். "என்ட பிழை டொக்டர். நான் தொழிலுக்குப் போயிட்டன்" என்றார். தகப்பனா நீ, பிள்ளையைவிட மீனா பெரிது என்று டொக்டர் கேட்டாள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற நான் ஒரு சொல் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஈனமான காரியம் அந்த மௌனம்தான்.

பிறகு டொக்டர் அபியின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். கஞ்சி என்றேன். அதற்கு முதல்? பிஸ்கட், தேத்தண்ணி. மீன், முட்டை, பழம்? இல்லை. டொக்டர் ஒரு சின்னக் கப்சூலின் முனையை வெட்டி அபியின் வாயில் பிழிந்தாள். "இது விற்றமின் ஏ. இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ஒண்டு" என்று சொன்னாள். சின்னமுத்துக் கிருமி உடம்பில் இருக்கிற கொஞ்ச நஞ்ச விற்றமின் ஏயையும் உறிஞ்சிவிடுமாம். கண்ணையும் நுரையீரலையும் உள்ளே மூடியிருக்கிற மெல்லிய தோலைக் காப்பது அந்தச் சத்துத்தானாம். அது இல்லாத பிள்ளைக்குச் சளி இறங்கினால் தாங்காது, கண்ணும் போகலாம் என்றாள். மகள், முப்பது வருஷம் நான் இதைத்தானே படிப்பித்தேன். என் கையால் கீறிய படம் ஒன்று வகுப்புச் சுவரில் தொங்கியதே, நீயும் அந்த வகுப்பில் இருந்து படித்தாயே. பப்பாசி, கரட், முட்டை, ஈரல், மீன், முருங்கைக் கீரை. கீழே சிவப்பு மையில் விற்றமின் ஏ என்று கொட்டை எழுத்து. அதைப் பாடமாக்காத பிள்ளைகளை நான் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் படத்தில் இருந்த ஒவ்வொன்றையும் என் பேத்தியின் வாய்க்கு எட்டாமல் விலக்கி வைத்தவளும் நான்தான். ஐந்து வருஷமாக ஒவ்வொரு காலையும் அந்தப் படத்தில் இருந்த மீனைத் தோணியில் கொண்டு வந்து என் படியில் வைத்த மனிசனை, வேறென்ன தருவான் என்று கேட்டவளும் நான்தான்.

ஒட்சிசனும் ஊசி மருந்தும் அவளை மீட்டன, அந்த இரண்டு கப்சூலும் துணை நின்றன. விற்றமின் வருத்தத்தை விரட்டாது, வருத்தத்தோடு மல்லுக்கட்டுகிற உடம்புக்குப் பலம் கொடுக்கும் என்று டொக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன், நாளைக்கு நீயும் என்னைப்போல ஒரு பக்கமாகச் சாயக்கூடாது. ஏனென்றால் நான் அங்கேயே மறுபக்கம் சாய்ந்தேன். வீட்டுக்கு வரும் நாளில், அந்தக் கப்சூலில் ஒரு பெட்டி வாங்கித் தினமும் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "ஐயோ அம்மா, கூடிட்டா அதுவும் நஞ்சு. இனிச் சாப்பாட்டால குடுங்க" என்றாள். ஆட்டோவில் உன் கணவர் அபியின் காதில், "அம்மம்மா முதல்ல பட்டினி போட்டா, மறுகா அமத்தித் திணிக்கப் பாத்தா" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்கு முன் ஆசுபத்திரி வாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் மத்தியானம் அவர் நடைபாதையில் நின்று உனக்குப் போன் எடுத்தார். "மாமிதான் கண்டு புடிச்சவ. மாமிதான் உடன கொண்டு போகச் சொன்னவ. பயப்பிடாத" என்று சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அவர் உள்ளே வந்ததும், தூது விட வழியில்லை, அபி காய்ச்சல் தூக்கத்தில் கிடந்தாள், நானே கேட்டேன். "ஏன் தம்பி பொய் சொன்னீங்க?" என்றேன். அவர் அபியின் காலைத் தடவினார். "அவ அங்க தனிய இருக்கிறா மாமி. புள்ள அம்மாட்ட இரிக்கி எண்ட ஒரு நம்பிக்கையிலதான் வேலைக்கு எழும்புறா. அத உடைச்சா அவ என்னத்தப் புடிச்சிக்கிட்டு இருப்பா?" என்றார். நீ கட்டிக்கொண்ட மனிசன் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் கப்சூல் கொடுத்த மறுநாள் அபி கண்ணைத் திறந்து, "மீன்" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த அன்று அவர் மணலை மீன் நாலு கோர்த்துக் கொண்டு வந்து, வழமைபோல வாசலுக்கு வெளியே நின்றார். வேப்பிலை காய்ந்தபடி அப்படியே தொங்கியது, அவருக்கு உள்ளே வரலாமா தெரியவில்லை. நான் போய் வேப்பிலையைக் கழற்றினேன். "மீன இங்கால தாங்க" என்று சொல்லி வாங்கினேன். அன்றைக்கு நானே வெட்டிக் கழுவி, தேங்காய்ப் பாலில் சொதி வைத்து, முள் பார்த்து ஊட்டினேன். பப்பாசியில் பிறகு பழுத்திருந்த ஒரு பழத்தையும் பறித்தேன். உன் மகள் இப்போது ஓடுகிற ஓட்டத்தை நீ போனில் பார்க்கிறாய். விடுபட்ட ஊசியைப் பிறகு போட்டுவிட்டோம், மூன்று வயது ஊசியும் போன மாதம் போட்டாகிவிட்டது, மிட்வைஃப் மிஸ் கிளினிக் கார்டில் ஒப்பம் வைத்ததை நான் இரண்டு தரம் பார்த்தேன்.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போய் நின்றேன். அம்மாளைப் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேப்பிலையும், வீட்டில் ஆரவாரம் இல்லாமல் பிள்ளையைத் தனியே படுக்கவைப்பதும் நல்லதுதான். பிள்ளையைப் பட்டினி போடு, மூச்சிழுத்தாலும் வீட்டை விட்டு இறக்காதே என்று அம்மாள் எந்த நாளும் சொல்லவில்லை. அதை அவளுடைய பேரில் சொன்னவள் நான். குளிர்த்தித் தண்ணீரைக் கையில் வாங்கியபோது, என் பிழையைப் பொறுத்ததற்கும் பிள்ளையைத் திருப்பித் தந்ததற்கும் நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் போத்தலில் கொண்டு வந்து அபிக்கும் உன் கணவருக்கும் தெளித்தேன். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இதை வாசித்த பிறகு உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும். ஊசி போட்டாயிற்று என்று உன்னிடமே பொய் சொன்னவள் நான். இனி அம்மாவை நம்பிப் பிள்ளையை விட்டுப் போக மாட்டேன் என்று நீ சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன். எனக்கு உன் நம்பிக்கை போவதைவிட, அவர் செய்ததற்கு நான் சங்கிலி போட்டுக்கொண்டு திரிவதுதான் தாங்க முடியாதது. சங்கிலி வேண்டாம். உனக்குப் பிள்ளையாகப் பிறந்தவளையும், நீ பிடிவாதம் பிடித்துக் கொண்டு வந்தவரையும் எனக்குத் தந்திருக்கிறாய். அதற்கு மேல் நான் என்ன கேட்க? உன் பிடிவாதத்துக்கும் நன்றி. அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் காலையில் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வர எனக்கு ஆள் இருந்திருக்காது.

இப்போதெல்லாம் நாங்கள் நேரே பேசிக்கொள்கிறோம். தேங்காய், மீன், கேற், மழை, எல்லாம் பேசுவோம். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆகிறது. நூறு தரம் நாக்கு நுனிவரை வந்து, தேங்காயைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கிறபோது அவர் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். நான் பேனையை நிறுத்துவதைப் பார்த்து அபி கதவடியில் வந்து நிற்கிறாள், பழைய பழக்கம் விடவில்லை. "அம்மம்மா, அப்பாட்ட என்ன சொல்ல?" என்று கேட்கிறாள்.

"ஒண்டும் சொல்ல வேணாம் மகள், நீங்க இரிங்க" என்றேன். நானே எழும்பிப் போகிறேன்.

உன் அம்மா